இத்தாலியில் டஸ்கனியைத் தவிர்த்துவிட்டு ஒயின் சுவைக்க எந்தப் பகுதிக்குப் போகலாம்?

மார்க்கே. இரண்டாவது யோசனையே வேண்டாம்.

அப்பெனைன் மலைத்தொடருக்கும் ஏட்ரியாட்டிக் கடலுக்கும் நடுவே இருக்கும் பகுதி இது. காலையில் மலையடிவார ஊர் ஒன்றில் ஒயின் சுவைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குக் கடற்கரைக்கு வந்துவிடலாம். நடுவில் முழுக்கக் குன்றுகள். ஒவ்வொரு குன்றின் தலையிலும் மதில் சூழ்ந்த ஓர் ஊர்.

முடிந்தவரை பல ஒயின்களைக் குடித்துப் பார்ப்பதுதான் இப்படிப்பட்ட பயணம் என்று பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இங்கே போனால் வெர்திக்கியோ என்கிற ஒரே வெள்ளைத் திராட்சையைப் பின்தொடர்ந்து போங்கள். ஒரே திராட்சை மண்ணுக்கும் காற்றுக்கும் தகுந்தபடி எப்படி மாறுகிறது என்று நாக்கிலேயே தெரிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

யேசி ஊரிலிருந்து தொடங்கலாம். புனித ரோமப் பேரரசர் இரண்டாம் ஃபிரடெரிக் 1194-இல் பிறந்த ஊர். அதைச் சுற்றியுள்ள குன்றுகளில்தான் யேசி வெர்திக்கியோ விளைகிறது. எசினோ ஆற்றுக்குத் தெற்கே குப்ரமொந்தானா, ஸ்தாஃபோலோ, வடக்கே மோந்தேகரோத்தோ என்று ஊர்கள். குப்ரமொந்தானாவில் அக்டோபர் தொடக்கத்தில் திராட்சைத் திருவிழா நடக்கும். ஒயின் பாட்டில் லேபிள்களுக்கென்றே அங்கே ஓர் அருங்காட்சியகம்கூட இருக்கிறது.

நான் அங்கே போனது அறுவடை சமயம். ஒரு சிறிய குடும்பப் பண்ணையில் வீட்டம்மா முந்தைய வருட ஒயினையும், ஏறக்குறைய பத்து வருடம் பழகியதையும் பக்கத்தில் பக்கத்தில் ஊற்றி வைத்தார். புதியது லேசான பச்சை சாயலுடன் இருந்தது. எலுமிச்சையும் பச்சை ஆப்பிளும் சேர்ந்த புளிப்பு, விழுங்கிய பிறகு பாதாம் தோலைக் கடித்தது போன்ற சன்னமான கசப்பு. பழையது வைக்கோல் நிறம். தேன் வாசனை வந்துவிட்டது, ஆனால் புளிப்பு கொஞ்சமும் தளரவில்லை. வெள்ளை ஒயினை உடனே குடித்துவிட வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்த இரண்டையும் ஒருமுறை சேர்த்துச் சுவைக்க வேண்டும்.

அப்புறம் மத்தேலிகாவுக்குப் போங்கள். அதே வெர்திக்கியோதான். ஆனால் மார்க்கேயின் மற்றப் பள்ளத்தாக்குகள் கடலைப் பார்த்துத் திறந்திருக்க, இது வடக்கு தெற்காக, மலைகளுக்குள் அடைபட்டுக் கிடக்கிறது. கடல் காற்று எட்டாது. பகலில் நல்ல வெயில், இரவில் நடுக்கும் குளிர். அதனால் பழம் மெதுவாகப் பழுக்கிறது, புளிப்பும் குறையாமல் நிற்கிறது. யேசி ஒயின் வாயில் கொஞ்சம் அகலமாக, மென்மையாகப் படரும் என்றால், மத்தேலிகா ஒயின் நேராகக் கூர்மையாக இறங்கும். எனக்குப் பிடித்தது மத்தேலிகாதான். ஊர்க்காரர்கள் நடுவே இந்த வாதம் தீராது.

சிவப்பு ஒயினும் வேண்டும் என்றால் இரண்டு இடம். மோரோ தால்பா என்ற சிற்றூரைச் சுற்றி லாக்ரிமா என்றொரு திராட்சை விளைகிறது. கிளாஸை மூக்கருகே கொண்டுபோனாலே ரோஜா வாசனை தூக்கும். இன்னொன்று கோனெரோ. அன்கோனா நகரத்துக்குத் தெற்கே, தட்டையான கடற்கரையில் 572 மீட்டர் உயரத்துக்குத் திடீரென எழுந்து நிற்கும் சுண்ணாம்புக்கல் மலை. அதன் சரிவுகளில் மோந்தேபுல்ச்சானோ திராட்சை. அடர் நிறம், நல்ல துவர்ப்பு, ஆட்டிறைச்சியோடு சேர்த்தால் அருமை. (டஸ்கனியில் இதே பெயரில் உள்ள ஊரின் ஒயின் சாஞ்சோவேஸே திராட்சையில் செய்வது. குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

அந்த மலையின் அடியில் போர்த்தோநோவோ என்ற குட்டி விரிகுடா. பாறைகளில் தானாக வளரும் மட்டிகளை அங்கே 'மோஷியோலி' என்கிறார்கள். பருவத்தில் போனால், குளிர்ந்த வெர்திக்கியோவோடு ஒரு தட்டு சாப்பிடாமல் திரும்பாதீர்கள். மலையில் குடித்தபோது தூக்கலாகத் தெரிந்த புளிப்பு, மட்டியின் உப்போடு சேரும்போது சரியாகப் பொருந்திவிடுகிறது.

நேரம் இருந்தால் தெற்கே ஓஃபிதா. அங்கே பெக்கோரினோ என்ற வெள்ளைத் திராட்சை. ஏறக்குறைய அழிந்தே போயிருந்த அதை, 1980-களில் குயிதோ கோச்சி கிரிஃபோனி என்ற தோட்டக்காரர் அர்குவாத்தா தெல் த்ரோன்தோ என்ற மலை ஊரின் பழைய கொடிகளிலிருந்து வெட்டியெடுத்து வந்து வளர்த்தார். அந்த மலை ஊர் 2016-இல் வந்த நிலநடுக்கங்களில் இடிந்து சிதைந்தது. பெக்கோரினோவோ இன்று இத்தாலி முழுக்க விற்கும் ஒயின். ஓஃபிதாவில் அதைக் குடிக்கும்போது அர்குவாத்தாவை நினைக்காமல் என்னால் இருக்க முடியவில்லை.

சில நடைமுறை விஷயங்கள். பெரும்பாலான பண்ணைகள் சிறியவை, முன்கூட்டியே தகவல் சொல்லாமல் போனால் வீட்டில் ஆளே இருக்க மாட்டார்கள். கார் இல்லாமல் இந்த ஊர்களைச் சுற்றுவது கஷ்டம். இத்தாலியில் ஓட்டுநருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம் ஆல்கஹால்தான் வரம்பு. உரிமம் வாங்கி மூன்று வருடம் ஆகாதவர்கள் ஒரு துளிகூடக் குடித்திருக்கக் கூடாது. ஓட்டுபவர் சுவைத்துவிட்டுத் துப்பிவிட வேண்டும். அதற்கென்றே மேசையில் பாத்திரம் வைத்திருப்பார்கள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

கூட்டுறவு ஒயின் கூடங்களில் பெட்ரோல் பங்க் போலவே குழாய் வைத்து லிட்டர் கணக்கில் ஒயின் விற்பார்கள். உள்ளூர்ப் பெரியவர்கள் கேனோடு வந்து நிற்பார்கள். காலி பாட்டில் ஒன்று கையில் இருந்தால் நீங்களும் வரிசையில் நில்லுங்கள். அன்று ராத்திரி சாப்பாட்டுக்கு அதுவே போதும்.