பதினொரு பிள்ளைகளும் ஒரு சங்கமும்

கேள்வி: 'ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும்' என்பது கேட்க நன்றாக இருக்கிறது. அமெரிக்காவில் விவசாயத் தொழிலாளர் சங்கம் கட்டிய டொலோரஸ் ஹுவெர்ட்டாவுக்குப் பதினொரு பிள்ளைகள். அவர்களை உறவினர், நண்பர் வீடுகளில் விட்டுவிட்டு ஊர் ஊராகப் போராடப் போனார். இவரை முன்மாதிரி என்று எழுதலாமா? (வாசகர், ஈரோடு)

பதில்: எழுதலாம், எழுதத்தான் வேண்டும். நீங்கள் சொன்ன தகவல் சரியே. வாரம் 5 டாலர் படியில் அவர் வேலை பார்த்தார். பிள்ளைகள் பல நாள் நன்கொடையாக வந்த உணவில் வளர்ந்தார்கள். இரண்டாவது திருமணம் முறிந்ததற்குச் சங்க வேலையும் ஒரு காரணம். அந்த வலியைத் தாயும் மறைக்கவில்லை, பிள்ளைகளும் மறைக்கவில்லை.

ஆனால், வீட்டோடு இருந்து பிள்ளை வளர்க்கும் வசதி கலிஃபோர்னியா தோட்டங்களில் எந்தத் தாய்க்கு இருந்தது? கைக்குழந்தையை வரப்போரம் கிடத்திவிட்டுத்தான் பழம் பறித்தார்கள். ஓரளவு வளர்ந்த பிள்ளையும் கூடவே பறித்தது. ஸ்டாக்டன் நகரில் ஹுவெர்ட்டா ஆசிரியையாக இருந்தபோது வகுப்புக்குப் பசியோடும் வெறுங்காலோடும் வந்தவர்கள் இவர்களுடைய பிள்ளைகள். அவர்களைப் பெற்றவர்களுக்குப் பாசம் குறைவில்லை, கூலிதான் குறைவு. வேலையை விட்டுவிட்டுச் சங்கத்துக்கு அவர் வந்தது அதைக் கண்டுதான்.

1935-இன் தொழிலாளர் உறவுச் சட்டம் விவசாயக் கூலிகளை வெளியே நிறுத்தியிருந்தது. அவர்கள் சங்கம் வைத்தாலும் முதலாளி பேச வரவேண்டிய கட்டாயமில்லை. அதனால் 1962-இல் செசார் சாவேஸ் என்ற தொழிலாளர் தலைவரும் இவரும் கலிஃபோர்னியாவின் டெலானோ ஊரில் சங்கம் தொடங்கியபோது வேலைநிறுத்தத்திலிருந்து ஆரம்பிக்கவில்லை. ஒரு தொழிலாளி வீட்டில் அக்கம்பக்கத்தார் சிலரை உட்காரவைத்துப் பேசுவது, அங்கிருந்து அடுத்த வீடு. இப்படித்தான் ஆள் சேர்த்தார்கள். மாதச் சந்தா 3.50 டாலர். அதற்குக் கைமேல் கிடைத்தவை, வீட்டில் சாவு விழுந்தால் ஈமச் செலவுக்குக் காப்பீடும், அவசரத்துக்குக் கடன் சங்கமும். குடும்பம் குடும்பமாகச் சேர்ந்ததால்தான் 1965 செப்டம்பரில் பிலிப்பினோ தொழிலாளர்கள் தொடங்கிய திராட்சை வேலைநிறுத்தத்தில் இவர்களும் இறங்கி, ஐந்து ஆண்டுகள் தாக்குப்பிடிக்க முடிந்தது.

இடையில் சறுக்கலும் உண்டு. 1967-இல் ஜியுமாரா என்ற பெரிய நிறுவனத்தின் திராட்சையை மட்டும் வாங்காதீர்கள் என்று பிரசாரம் செய்தார்கள். அந்த நிறுவனமோ மற்றத் தோட்டக்காரர்களின் லேபிளை ஒட்டிப் பெட்டிகளை அனுப்பியது. கடைக்கு வருகிறவர் எதைக் கண்டு ஒதுக்குவார்? 1968-இல் கலிஃபோர்னியாவின் உண்ணும் திராட்சை எதுவுமே வேண்டாம் என்று கோரிக்கையை மாற்றினார்கள். நியூயார்க்கில் அந்தப் புறக்கணிப்பை நடத்தியவர் ஹுவெர்ட்டா. மற்றத் தொழிற்சங்கங்கள் இப்படிக் கடை வாசலில் நின்று 'இங்கே வாங்காதீர்கள்' என்று சொல்ல 1947-இன் சட்டமும் அதற்கு 1959-இல் வந்த திருத்தமும் தடை போட்டிருந்தன. 1935-இன் சட்டம் விவசாயக் கூலிகளை விலக்கி வைத்திருந்ததால் அந்தத் தடையும் அவர்கள்மேல் பாயவில்லை. விற்பனை சரிந்தது. பறித்த திராட்சையை எத்தனை நாள் வைத்திருக்க முடியும்?

1970 ஜூலை 29-இல் டெலானோ தோட்டக்காரர்கள் கையெழுத்திட்டார்கள். 1966-இலேயே ஷென்லி நிறுவனத்தோடு முதல் ஒப்பந்தத்தைப் பேசி முடித்த அனுபவம் ஹுவெர்ட்டாவுக்கு இருந்தது. புதிய ஒப்பந்தத்தில் கூலி உயர்வோடு, வேலை செய்யும் ஒவ்வொரு மணிக்கும் 10 சென்ட் குடும்ப மருத்துவ நிதிக்கு முதலாளி கட்டவேண்டும் என்று இருந்தது. வயலில் குடிநீர், கழிப்பறை, டிடிடி என்ற பூச்சிமருந்துக்குத் தடை ஆகியவையும் வந்தன. அமெரிக்க அரசு டிடிடியைத் தடை செய்ததே 1972-இல்தான். கழிப்பறை என்பது பெண்களுக்கு எத்தனை பெரிய விஷயம் என்பதை நம் வயல்வெளிப் பெண்களைக் கேளுங்கள். அப்பன் சட்டையில் ஒட்டி வரும் பூச்சிமருந்து வீட்டில் பிள்ளையின் உடம்பில்தான் போய்ச் சேரும். பிள்ளை வளர்ப்பு என்ற கணக்கில் இவற்றையும் சேர்த்துக்கொள்ள மாட்டீர்களா?

குறை சொல்ல வேண்டுமானால் சரியான இடத்தில் சொல்வோம். கங்காணிகளின் பிடியை உடைக்கச் சங்கமே ஆள் அனுப்பும் கூடம் வைத்தது. யார் எத்தனை நாளாகச் சங்க உறுப்பினர் என்று பார்த்து வரிசைப்படி அனுப்பியதால், ஒரே காரில் வேலைக்குப் போய்வந்த குடும்பத்தில் புருஷன் ஒரு தோட்டம், பெண்சாதி வேறு தோட்டம் என்று பிரிந்தார்கள். சந்தா பாக்கி இருந்தால் அதைக் கட்டிய பிறகே வேலை. பலருக்கு மனம் கசந்தது. 1973-இல் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் முதலாளிகள் பெரும்பாலோர் டீம்ஸ்டர்ஸ் என்ற போட்டிச் சங்கத்தோடு கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அதில் முதலாளிகளின் சூது பெரிது. ஆனால் குடும்பமாக வந்தவர்களைத் தனித்தனி ஆளாக எண்ணியது சங்கத்தின் தவறு. திரும்ப மறியல், திரும்பச் சிறை. விவசாயத் தொழிலாளர் வாக்களித்துத் தங்கள் சங்கத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையைக் கலிஃபோர்னியா 1975-இல்தான் சட்டமாக்கியது. அந்தச் சட்டத்துக்காக உழைத்தவர்களில் ஹுவெர்ட்டாவும் ஒருவர்.

அவருடைய பிள்ளைகளில் ஒருவர் மருத்துவர், ஒருவர் வழக்கறிஞர். தாய் தொடங்கிய அறக்கட்டளையை ஒரு மகள் நடத்துகிறார். இதைச் சொல்லி அவர்கள் சின்ன வயதில் பட்ட ஏக்கத்தை நான் அழிக்கப் பார்க்கவில்லை. ஒன்று மட்டும் கேட்கிறேன்: இதே ஐந்து ஆண்டுகள் வீட்டை விட்டு அலைந்த ஆண் தலைவர்களின் பிள்ளைகளை யார் வளர்த்தார்கள் என்று இதுவரை எனக்கு ஒரு கடிதமும் வந்ததில்லையே, ஏன்?