தெருமுனைக்குக் கோலம் போட்டால் பைக் வேகம் குறையுமா?

கேள்வி: எங்கள் பள்ளிக்கூடத் தெருமுனையில் பைக்குகள் வேகம் குறைக்காமல் திரும்புகின்றன. சாலையில் பெரிய கோலம் வரைந்தால் பயன் உண்டா?
- வாசகர், கிருஷ்ணகிரி

பதில்: உண்டு, இடம் பார்த்து வரைந்தால். அமெரிக்காவில் 17 சாலை ஓவிய இடங்களை ஆராய்ந்து 2022-ல் வெளியான ஆய்வில், நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும் சிக்கிய விபத்துகள் பாதியாகக் குறைந்திருந்தன.

கோலத்தை நடுச்சாலையில் போடாதீர்கள்; குழந்தைகள் அங்கேயே நின்று வேடிக்கை பார்ப்பார்கள். முனையின் இரு ஓரங்களிலும் வரைந்து, விளிம்பில் வளையும் பிளாஸ்டிக் கம்பங்களை நடுங்கள். திருப்பம் குறுகினால்தான் பைக் மெதுவாகும், கடக்க வேண்டிய தூரமும் குறையும். கம்பம் இல்லாவிட்டால் பெயின்ட் மேலேயே வண்டி நிறுத்திவிடுவார்கள், நம் ஊர் தெரிந்ததுதானே! பள்ளி பஸ் திரும்ப இடம் இருக்கிறதா என்று முதலில் சுண்ணாம்புக் கோடு போட்டு ஓட்டிப் பாருங்கள்.

ஜீப்ரா கோடுகள் வெள்ளையாகவே இருக்கட்டும். அரை மீட்டர் அகலக் கோடு, அரை மீட்டர் இடைவெளி. சாலையிலிருந்து எழும்பி நிற்பதுபோல் தெரியும் முப்பரிமாணக் கோடு வேண்டாம். புதியவர் திடீரென்று பிரேக் போடுவார், உள்ளூர்க்காரர் சில வாரத்தில் கண்டுகொள்ளமாட்டார்.

சுவர் பெயின்ட் சீக்கிரம் உரிந்துவிடும். சாலைக்கான பெயின்ட் வாங்குங்கள். 40 சதுர மீட்டருக்கு இரண்டு பூச்சு என்றால் சுமார் 10 லிட்டர். புதுத் தார் என்றால் ஒரு மாதம் பொறுங்கள். எண்ணெய்க் கறையைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். இரண்டாம் பூச்சு ஈரமாக இருக்கும்போதே நைசான சிலிக்கா மணலைத் தூவுங்கள். இல்லையென்றால் மழையில் பைக் வழுக்கும்.

நகராட்சியின் எழுத்துபூர்வ அனுமதியும் போக்குவரத்துக் காவலரும் இல்லாமல் தூரிகையைத் தொடாதீர்கள். நெடுஞ்சாலை என்றால் இந்த யோசனையே வேண்டாம்.