கேளுங்கள்: அப்டேட் என்றாலே பயம்

கேள்வி: எங்கள் சங்கத்தின் வேர்ட்பிரஸ் தளத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். போன முறை ஒரு ப்ளகினை (கூடுதல் வசதி தரும் துணை நிரல்) அப்டேட் செய்ததும் பக்கம் முழுக்க வெள்ளையாகிவிட்டது. தெரிந்தவர் ஒருவர் வந்து சரி செய்தார். அதிலிருந்து எதையும் தொடுவதில்லை. தளம் நன்றாகத்தான் ஓடுகிறது, அப்படியே விட்டுவிடலாமா?

பதில்: கூடாது. வேர்ட்பிரஸ் போல, நிரலை யாரும் படிக்கக்கூடிய திறமூல மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டையை அடைத்துப் புதுப் பதிப்பு வெளியானால், ஓட்டை எங்கே இருந்தது என்பதும் அன்றைக்கே ஊருக்குத் தெரிந்துவிடும், பழைய நிரலையும் புதியதையும் பக்கத்தில் வைத்து யார் வேண்டுமானாலும் ஒப்பிடலாமே. வேர்ட்பிரஸ் போலவே தளம் நடத்த உதவும் இன்னொரு மென்பொருளான ட்ரூபலில் 2014 அக்டோபரில் இப்படித்தான் நடந்தது. அறிவிப்பு வந்த 7 மணி நேரத்துக்குள் அப்டேட் செய்யாத தளங்கள் எல்லாம் உடைக்கப்பட்டதாகவே எண்ணிக்கொள்ளுங்கள் என்று அவர்களுடைய பாதுகாப்புக் குழுவே சொல்ல வேண்டியதாயிற்று. நம் சின்னத் தளத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்று கேட்காதீர்கள். ஆள் யாரும் வருவதில்லை, தானியங்கி நிரல்கள்தான் கிடைக்கிற முகவரியை எல்லாம் தட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கின்றன.

சரி, அந்த வெள்ளைப் பக்கம். பயப்பட அதில் ஒன்றுமில்லை. வேர்ட்பிரஸ்ஸை இயக்கும் பிஎச்பி மொழி நிரல் பாதியில் நின்றுவிட்டது, அவ்வளவுதான். கட்டுரைகள் டேட்டாபேஸிலும் படங்கள் அப்லோட்ஸ் ஃபோல்டரிலும் பத்திரமாக இருக்கும். ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரைத் திறந்து ப்ளகின்ஸ் ஃபோல்டருக்குள் போய், வம்பு செய்த ப்ளகினின் ஃபோல்டர் பெயரில் ஓர் எழுத்தை மாற்றிவிடுங்கள். வேர்ட்பிரஸ்ஸுக்கு அது கண்ணில் படாது, பெரும்பாலும் தளம் உடனே எழுந்துவிடும். 2019-இல் வந்த 5.2 பதிப்பிலிருந்து இதற்கும் முன்னால் ஒரு வசதி உண்டு, இப்படிக் கோளாறு வந்தால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கே மீட்பு இணைப்பு வரும். ஆனால் அந்த முகவரி பல சங்கங்களில் எப்போதோ பொறுப்பை விட்டுப் போன செயலாளருடையதாக இருக்கும்! செட்டிங்ஸில் இன்றைக்கே பாருங்கள்.

அப்டேட்டுக்கு முன் பேக்கப் எடுப்பதைச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன், சொல்லிவிடுகிறேன்: டேட்டாபேஸ், ஃபைல்கள் இரண்டும் வேண்டும், அதே சர்வரில் வைத்தால் சர்வர் போகும்போது பேக்கப்பும் போகும், அப்புறம் ஒரு முறையாவது அதை வேறு இடத்தில் மீட்டுப் பார்த்திருக்க வேண்டும். ப்ளகின்களை ஒவ்வொன்றாக அப்டேட் செய்யுங்கள், மொத்தமாகச் செய்தால் எது கவிழ்த்தது என்றே தெரியாது.

கேள்வி: தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமின் ஃபைலில், பக்கத்தின் அடியில் வரும் வரியை மாற்றியிருந்தேன். அப்டேட் செய்ததும் பழையபடி ஆகிவிட்டதே?

பதில்: ஆகத்தான் செய்யும், தீம் அப்டேட் ஆகும்போது அதன் ஃபோல்டர் முழுவதையும் புதிதாக எழுதிவிடும். அசல் தீமின் மேல் தனி ஃபோல்டரில் இயங்கும் சைல்ட் தீம் ஒன்று வைத்துக்கொண்டு, மாற்றிய ஃபைலை மட்டும் அதில் போடுங்கள்.

கேள்வி: வேண்டாத ப்ளகின்களை டிஆக்டிவேட் செய்தால் போதாதா?

பதில்: போதாது. ஃபைல்கள் சர்வரிலேயே கிடக்கின்றன, சில ஓட்டைகள் வழியே நுழைய அதுவே போதும். டெலீட் செய்யுங்கள்.

கேள்வி: இந்தத் தொல்லைக்கு ட்ரூபலுக்கே மாறிவிடலாமா?

பதில்: ஒரு தொல்லையை விட்டு இன்னொன்றைப் பிடிப்பீர்கள். 2011-இல் வந்த ட்ரூபல் 7-க்கு 2025 ஜனவரியில்தான் ஆதரவு முடிந்தது, அது நீண்ட காலம்தான். ஆனால் 7-இலிருந்து 8-க்குப் போனது சாதாரண அப்டேட்டாக இருக்கவில்லை, புதுத் தளம் எழுப்பி உள்ளடக்கத்தை அதற்குள் பெயர்த்துக் கொண்டுபோகும் வேலையாக இருந்தது. கையில் நிரலாளர் இருந்தால் யோசிக்கலாம். நீங்கள் ஒருவர்தான் என்றால் இருப்பதிலேயே இருங்கள்.