ரயில் எஞ்சின் கன்வெர்ட்டரில் இனிமேல் ஆராய்ச்சி செய்ய என்ன இருக்கிறது? அதில் பிஎச்டி சேரலாமா?

சேரலாம். "எல்லாம்தான் கண்டுபிடித்தாகிவிட்டதே" என்று கேள்விக்குக் கீழே எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்ததும் பதில் எழுதாமல் போக மனம் வரவில்லை. இன்ஜினியரிங்கில் ஈஈஈ (மின்சாரம், மின்னணுவியல்) கடைசி வருஷமாக இருப்பீர்கள், வீட்டில் ஐடி பக்கம் போகச் சொல்லியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். எனக்கும் அதுதான் நடந்தது.

தண்டவாளத்துக்கு மேலே கம்பியில் வருவது 25,000 வோல்ட், ஒற்றை பேஸ். டிரான்ஸ்ஃபார்மர் இறக்கித் தருவதை ஒரு கன்வெர்ட்டர் டிசி ஆக்கும். சரக்கு ரயில் இழுக்கும் டபிள்யூஏஜி-9 எஞ்சினில் அந்த டிசி 2,800 வோல்ட். இன்வெர்ட்டர் அதை 3 பேஸாக மாற்றி மோட்டாருக்குக் கொடுக்கும். பிரேக் போட்டால் மின்சாரம் வந்த வழியே கம்பிக்குத் திரும்பும். இப்படி மாற்றும் வேலையைச் செய்வது, மின்சாரத்தை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் செமிகண்டக்டர் ஸ்விட்ச்சுகள். 1990-களில் ஜிடிஓ என்ற வகை, பிறகு ஐஜிபிடி என்ற வகை வந்தது. ஜப்பானில் 2020-ல் ஓட ஆரம்பித்த என்700எஸ் ஷின்கான்சென் புல்லட் ரயில், சிலிக்கானுக்குப் பதில் சிலிக்கான் கார்பைடால் ஆன ஸ்விட்ச்சுகளுக்கே போய்விட்டது.

என் ஆராய்ச்சி இதில் ஒரு சின்ன மூலை. ஐஜிபிடி மாட்யூலைத் திறந்தால், சிலிக்கான் சில்லுகளின் மேல் முடியைவிடச் சில மடங்கு தடித்த அலுமினியக் கம்பிகள் வரிசையாக ஒட்டியிருக்கும். சூடேறினால் சிலிக்கானைப் போல 9 மடங்கு அலுமினியம் விரியும். லோக்கல் வண்டி ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கிளம்பும்போது சூடு, நிற்கும்போது குளிர்ச்சி. நாளெல்லாம் இப்படி இழுபட்டு இழுபட்டு ஒட்டிய இடம் விட்டுப்போகும்.

அதை லேபில் செய்து பார்த்தேன். 3 நொடி கரண்ட், 3 நொடி ஓய்வு, இரவும் பகலும் 9 வாரம். மாட்யூலின் குறுக்கே 2.40 வோல்ட் காட்டிக்கொண்டிருந்தது; 5 சதவீதம் ஏறினால், அதாவது 2.52 தொட்டால், ஆயுள் முடிந்தது என்று கணக்கு. ஒரு நாள் விடியற்காலை மீட்டர் படிப்படியாக ஏறாமல் ஒரே தாவாகத் தாவியது. வயர் லூஸ் என்று கைடு திட்டினார். மாட்யூலைப் பிரித்து மைக்ராஸ்கோப்பில் வைத்தேன். ஒரு கம்பியின் கால் சில்லிலிருந்து அப்படியே எழும்பி நின்றது, அடியில் பொரிந்த தடம். அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார், பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"இது மெட்டீரியல்ஸ்காரர் வேலை, உனக்கென்ன" என்று யாராவது கேட்கலாம். அப்படியில்லை. நொடிக்கு எத்தனை முறை ஸ்விட்ச் செய்வது என்று தீர்மானிப்பது ஈஈஈக்காரர்களான நாம்தான், சூடு அதைப் பொறுத்துத்தான் ஏறும். பாரம் மாறும்போது ஸ்விட்ச்சிங்கைக் கூட்டிக் குறைத்தாலே அந்த ஏற்ற இறக்கத்தை அடக்க முடியும். இரும்பாலையில் உருட்டு மில் மோட்டாரை ஓட்டும் கன்வெர்ட்டருக்கும் இது பொருந்தும்.

பணத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். எனக்கு ஃபெல்லோஷிப் 7 மாசம் வரவில்லை. ஒவ்வொரு தடவை போகும்போதும் அட்டெண்டன்ஸ் தாளை மறுபடி கொண்டுவா என்றார்கள். அம்மாவின் வளையல் கூட்டுறவு பேங்குக்குப் போனது அந்த வருஷம்தான். ஆராய்ச்சி மாணவன் என்றால் வாடகை கொடுக்க வேண்டாமா? இன்றைக்கும் அந்தக் கோபம் போகவில்லை.

அதனால் சேரும் முன் கைடின் பேப்பர் எண்ணிக்கையை மட்டும் பார்க்காதீர்கள். லேபுக்கு நேரில் போங்கள். டெஸ்ட் ரிக் ஓடுகிறதா, தூசி படிந்து கிடக்கிறதா என்று பாருங்கள். அங்கே இருக்கும் சீனியரைத் தனியாக டீக்குக் கூப்பிட்டு, ஃபெல்லோஷிப் கடைசியாக எந்த மாசம் வந்தது என்று கேளுங்கள்.