வோல்ட்டை ஏத்தினா காயில் கருகுது, எந்த அட்டாமைசர் வாங்கணும்?

ஷார்ஜாவுல வேலை பாக்குற குழித்துறைக்காரத் தம்பி ஒருத்தர் கேட்டிருக்காரு. வயசு 41, பதினேழு வருஷம் சிகரெட், இப்ப ரெண்டு வருஷமா அதை விட்டுட்டு வேப், அதாவது ஆவி இழுக்குற எலக்ட்ரானிக் சிகரெட். கையில இருக்குறது 3 வோல்ட்ல இருந்து 6 வோல்ட் வரைக்கும் ஏத்தி இறக்குற செட்டு. அதுல லிக்விட்டைச் சூடாக்கி ஆவியாக்குற பாகம்தான் அட்டாமைசர், அதுக்குள்ள சூடாகுற கம்பிச் சுருளும் பஞ்சும் சேந்தது காயில். "4.8 வச்சாத்தான் தொண்டையில பிடிக்குது, ஆனா மூணு நாள்ல காயில் கருகி ஒரே கசப்பு. கடைக்காரன் இது ஹை வோல்டேஜ், இதுக்கு 0.5 ஓம்ஸ்தான் தாங்கும், அதை வாங்குன்னு சொல்றான். வாங்கலாமாண்ணே? டிசம்பர்ல ஊருக்கு வரும்போது பத்து பாக்கெட் காயில் கையோட கொண்டாந்துரலாம்னு இருக்கேன்."

வாங்காதீங்க தம்பி. கொண்டும் வராதீங்க. ரெண்டுக்கும் காரணம் சொல்லுதேன்.

அந்தக் கடைக்காரன் விஷயத்தைத் தலைகீழா சொல்லியிருக்கான். ஓம்ஸ்னா கம்பி கரண்டைத் தடுக்குற அளவு, அது கொறையக் கொறைய சூடு கூடும், இதுதான் அடிப்படை. வோல்ட்டை அதே வோல்ட்டால பெருக்கி காயில்ல எழுதியிருக்குற ஓம்ஸால வகுத்தா வாட்ஸ் வரும், சூடுன்னா அதுதான், வேற கணக்கே வேண்டாம். உங்க 4.8-ஐ 4.8-ஆல பெருக்கினா 23. இதை 2.5 ஓம்ஸ் காயில்ல போட்டா 9 வாட்ஸ் சில்லறை, 1.5 ஓம்ஸ்னா 15, அவன் சொன்ன 0.5-ல போட்டீங்கன்னா 46 வாட்ஸ். 46 வாட்ஸ்னா பேட்டரியில இருந்து 13 ஆம்பியர் பக்கம் இழுக்கும், உங்க கையில இருக்குற மாதிரி சின்ன செட்டுல பாதுகாப்பு சர்க்யூட் ஒழுங்கா இருந்தா அது கரண்டே விடாது, திரையில எர்ரர் காட்டிட்டு நின்னுரும், ஆனா மட்டமான போர்டா இருந்தா விட்டுரும், அப்ப பேட்டரி செல்லு கொதிக்கும். காயில் கருகுறதோட போயிருந்த பிரச்சினை கையைச் சுட்டுக்குற அளவுக்குப் போயிரும்.

ஹை வோல்டேஜ் அட்டாமைசர்னு உண்மையிலேயே ஒண்ணு இருந்துச்சு, அது ஓம்ஸ் கூடுதலான சாதனம். 2010, 2011 காலத்துல சாதாரண செட்டு எல்லாம் 3.7 வோல்ட், அதுக்கு ரெண்டு ஓம்ஸ் பக்கத்துல ஒரு அட்டாமைசர். அப்புறம் ரெண்டு பேட்டரியை அடுக்கி 5 வோல்ட், 6 வோல்ட் செட்டு வந்துச்சு. பழைய அட்டாமைசரை அதுல மாட்டினா உடனே அவுட்டாயிரும், அதனால 3 ஓம்ஸ், 4 ஓம்ஸ்னு தனியா செஞ்சு அதுக்கு ஹை வோல்டேஜ்னு பேரு வச்சான். இப்ப அந்தப் பேரை மட்டும் பிடிச்சுக்கிட்டு எதை வேணும்னாலும் தலையில கட்டுறாங்க. டப்பாவுல என்ன பேரு போட்டிருந்தாலும் விடுங்க, ஓம்ஸ் எவ்வளவுன்னு மட்டும் பாருங்க. உங்க மாதிரி சின்ன டேங்குக்கு, ஒத்தைக் காயிலுக்கு, 8-ல இருந்து 10 வாட்ஸ் போதும். 4.8 வோல்ட்லதான் இழுப்பேன்னா 2.4-ல இருந்து 2.8 ஓம்ஸ்க்குள்ள தேடுங்க. கெடைக்கலையா, 1.8 வாங்கிட்டு வோல்ட்டை 4-க்கு இறக்குங்க, அதுவும் கிட்டத்தட்ட 9 வாட்ஸ்தான், தொண்டைக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது.

இதுல ஒரு விலக்கு இருக்கு, இதைக் கொஞ்சம் விரிவாவே சொல்லணும், ஏன்னா இதுலதான் கணக்கு தெரிஞ்சவங்களே ஏமாந்து போறாங்க. டூயல் காயில். உள்ள ரெண்டு கம்பிச் சுருள் பக்கத்துல பக்கத்துல இருக்கும். ஒவ்வொண்ணும் 3 ஓம்ஸா இருந்தாலும் வெளிய மீட்டர்ல 1.5-னுதான் காட்டும். ஒரு குளத்துல ஒரு மடை திறந்திருந்தா ஒரு அளவு தண்ணி போகும், அதே மாதிரி இன்னொரு மடையையும் திறந்தா ரெண்டு பங்கு போகும் இல்லையா, மொத்தத் தடை பாதியாயிருச்சுன்னு அர்த்தம், ஆனா ஒவ்வொரு மடை வழியா போறது பழைய அளவுதான். அதே மாதிரி 4.8 வோல்ட்ல இந்த 1.5 டூயல் காயில் மொத்தம் 15 வாட்ஸ் இழுத்தாலும் ஒவ்வொரு சுருளுக்கும் ஏழரைதான் வரும், கருகாது. ஒத்தைச் சுருள் 1.5-ல அந்தப் பதினஞ்சும் ஒரே கம்பியில இறங்கும், உடனே கருகிரும். வெளிய எழுதியிருக்குறது ரெண்டுலயும் 1.5-தான், பாத்துக்கிடுங்க. ஆனா டூயல்னா பேட்டரிக்கு ரெண்டு மடங்கு வேலை, லிக்விட்டும் ரெண்டு மடங்கு குடிக்கும், காத்து ஓட்டையும் பெருசா திறந்து வைக்கணும். சில மட்டமான டூயல்ல ரெண்டு சுருள்ல ஒண்ணு சரியா தொடாம இருக்கும், அப்ப மீட்டர்ல 1.5 வரவேண்டியது 3 காட்டும், அப்படி வந்தா திருப்பிக் கொடுத்துருங்க.

வோல்ட்டுக்குப் பதிலா வாட்ஸ் வைக்குற செட்டு இருக்குறவங்க இந்தக் கணக்கெல்லாம் போட வேண்டாம், காயில் மேலயே இத்தனையில இருந்து இத்தனை வாட்ஸ்னு இருக்கும், அந்தக் கீழ் அளவுல ஆரம்பிங்க.

சரி, ஏன் கருகுது? போன மாசம் ஊருக்கு வந்த ஒரு பையன் கருகின காயில் ஒண்ணைக் கொண்டுவந்து காட்டினான், மேசையில வச்சு ட்வீஸரால பிரிச்சேன். வெளிப்பக்கம் பஞ்சு வெள்ளையா ஈரமா இருக்கு, கம்பியைத் தொட்ட இடத்துல மட்டும் காப்பிக்கொட்டை நிறம், நடுவுல ரெண்டு சுத்துக்கு ஒரே கரி, கம்பி மேல பாகு முறுகி அடிப்பிடிச்ச மாதிரி கறுப்புப் பொருக்கு, நகத்தால சுரண்டினா உதிருது, மணமும் வெல்லம் தீஞ்ச மணம்தான். விளக்குல எண்ணெய் இருக்கும், ஆனா திரி உறிஞ்சுறதைவிட சுடர் வேகமா எரிஞ்சா திரியே கருகும்ல, அதேதான். சூடு வேகமாப் போகுது, பஞ்சு அந்த வேகத்துல உறிஞ்ச மாட்டேங்குது.

அந்தப் பொருக்கு இனிப்புல இருந்து வர்றது. மாம்பழம், கஸ்டர்ட்னு வர்ற லிக்விட்ல சுக்ரலோஸ் போடுறான், அது ஆவியாகாம கம்பியிலயே தங்கிரும், எந்த காயிலா இருந்தாலும் இது நாலஞ்சு நாள்ல முடிச்சிரும். இனிப்பு இல்லாத லிக்விட்டுக்கு மாறினா அதே காயில் ரெண்டு வாரம் ஓடும். இன்னொண்ணு, லிக்விட்டோட கெட்டி. விஜி, அதாவது கிளிசரின், 70 சதவீதம், 80 சதவீதம்னு இருக்குறது தேன் மாதிரி கெட்டி, சின்ன ஓட்டை உள்ள காயிலுக்கு ஏறாது. உங்களுக்கு விஜி பாதி இருந்தாப் போதும்.

புது காயில் மாட்டும்போது தெரியுற பஞ்சு மேல நாலஞ்சு சொட்டு விட்டு நனைச்சிருங்க, டேங்க் நிரப்பிட்டு பத்து நிமிஷம் சும்மா வைங்க, அப்புறம் 3.5 வோல்ட்ல ஆரம்பிச்சு மெள்ள ஏத்துங்க. ஒரு இழுப்புக்கும் அடுத்த இழுப்புக்கும் நடுவுல அரை நிமிஷம் விடணும். வாரம் ஒருதடவை டேங்கை வெந்நீர்ல கழுவி நல்லா காயவைங்க, அடியில நடுவுல இருக்குற பின்னை காது குடையுற பஞ்சுக்குச்சியில கொஞ்சம் ஸ்பிரிட் தொட்டு துடைங்க, அதுல லிக்விட் கசிஞ்சு நின்னாலே ஓம்ஸ் தப்பாக் காட்டும். மாட்டும்போது பல்லைக் கடிச்சு முறுக்க வேண்டாம், பின் உள்ள அமுங்கிப்போனா செட்டு அட்டாமைசரே இல்லைன்னு சொல்லும். பஞ்சு வச்சு வர்ற கம்பெனி காயிலை வேகவச்சுக் கழுவி திரும்பப் போடுறது வேண்டாம், அது செத்தது செத்ததுதான், பஞ்சோட சேத்து எரிச்சு சுத்தம் பண்றது அதைவிட மோசம்.

கசப்பு வந்த உடனே நிறுத்திரணும், இன்னும் ரெண்டு நாள் ஓட்டலாம்னு இழுக்கக் கூடாது. 2015-ல அமெரிக்காவுல வெளியான ஒரு ஆய்வுல 3.3 வோல்ட்ல கிடைக்காத ஃபார்மால்டிஹைடு சம்பந்தப்பட்ட பொருள் 5 வோல்ட்ல கிடைச்சுது. அந்த அளவு சூட்டுல மனுஷன் யாரும் இழுக்க முடியாது, கருகின ருசி வந்து துப்பிருவான்னு அதை எதிர்த்துப் பேசுனவங்களும் இருக்காங்க. உங்களுக்கு மூணு நாளைக்கு ஒருதடவை அந்தக் கருகின ருசி வருது தம்பி, அதான் எனக்கு பயம்.

இப்ப விக்கிறவங்களைப் பத்தி. நான் ஷார்ஜாவுல சர்வீஸ் மேசையில இருந்த காலத்துல 1.8-னு எழுதின காயிலை எடுத்து மீட்டர்ல வச்சா 1.2 காட்டும், ஒரே பெட்டியில அஞ்சு காயில் அஞ்சு விதமா இருக்கும். டூப்ளிகேட். டப்பாவுல சுரண்டிப் பாக்குற நம்பர் இருந்தா அசல்னு நெனைக்காதீங்க, அந்த நம்பரையும் சேத்துதான் அச்சடிக்கிறான். வாங்கின உடனே மீட்டர்ல பாருங்க, மீட்டரோட ரெண்டு முனையையும் முதல்ல ஒண்ணோட ஒண்ணு தொடவச்சு வர்ற 0.2, 0.3-ஐ கழிச்சுக்கிடணும். 18650-ங்குற சைஸ் பேட்டரி செல்லுல கொள்ளளவு 9900 எம்ஏஎச்-னு போட்டிருந்தா தூக்கிப் போடுங்க, அந்த சைஸ்ல அதுல பாதி கொள்ற செல்லுகூட கிடையாது. மேல் உறை கிழிஞ்ச செல்லை சாவி, சில்லறையோட பாக்கெட்ல போடவே போடாதீங்க.

கடைசியா அந்தப் பத்து பாக்கெட். தமிழ்நாட்டுல வேப்புக்கு 2018-லயே தடை, 2019 செப்டம்பர்ல நாடு முழுக்க அவசரச் சட்டம், அந்த வருஷமே பார்லிமென்ட்ல சட்டமாயிருச்சு. அதுல முழு செட்டு மட்டும் இல்ல, அதோட எந்தப் பாகமும்னு இருக்கு. வெறும் காயில்தானே, லிக்விட் இல்லையேன்னு திருவனந்தபுரம் ஏர்போர்ட்ல சொல்ல முடியாது. இறக்குமதிக்கு முதல் தடவை ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில் இல்ல ஒரு லட்சம் வரைக்கும் அபராதம் இல்ல ரெண்டுமே, இருப்பு வச்சிருந்தா ஆறு மாசம் வரைக்கும் இல்ல 50,000 வரைக்கும் இல்ல ரெண்டுமே. இழுக்குறவனுக்குன்னு தனியா தண்டனை எழுதல, அதைப் பிடிச்சுக்கிட்டு சொந்த உபயோகத்துக்குன்னா விட்டுருவான்னு சொல்லித்தர்ற ஏஜென்ட்டு நிறைய பேர். அவன் உங்க கூட கவுண்டருக்கு வரமாட்டான்.

எனக்கு ஆத்திரமா வர்றது என்னன்னா, சிகரெட்டை விட்ட ஒரு 41 வயசு மனுஷன் பெட்டியில காயில் வச்சிருந்தா குத்தம், சரி, சட்டம் அப்படி. ஆனா எங்க மார்த்தாண்டம் பக்கம் பிளஸ் டூ படிக்குற பிள்ளையள் கையில பேனா மாதிரி யூஸ் அண்ட் த்ரோ வேப் இருக்குறதை நானே பாத்திருக்கேன், கேரள எல்லையில இருக்குற களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் கேட்டா அந்தப் பக்கத்துல இருந்து வருதுங்கான், அந்தப் பக்கம் கேட்டா இங்க இருந்துங்கான். சிகரெட் ஸ்கூலுக்கு நூறு கஜத்துக்குள்ள விக்கக் கூடாதுன்னு 2003-லயே சட்டம், எத்தனை பெட்டிக்கடையில அதைப் பாக்குறாங்க? நிறுத்த நெனைக்குறவனுக்கு என்ன வழின்னு ஒரு ஆபீஸ்ல கேட்டேன், அடுத்த மேசையைக் கைகாட்டிவிட்டாங்க.

அதனால நானே சொல்லுதேன். ஊர்ல இருக்குற அந்த ஒரு மாசத்துக்கு மெடிக்கல் ஸ்டோர்ல 2 மில்லிகிராம் நிக்கோட்டின் கம் சீட்டு இல்லாமலே கிடைக்கும், மென்னு முழுங்கக் கூடாது, கொஞ்சம் கடிச்சுட்டு கன்னத்துல ஒதுக்கி வைக்கணும். நெஞ்சுவலி, பிரஷர்னு இருந்தா டாக்டரைக் கேட்டுட்டு. நிறுத்த நெனைச்சா 1800112356, காசில்லாத நம்பர்.

உங்க கேள்வியில ஒண்ணு மட்டும் விட்டுப்போச்சு தம்பி. இப்ப மாட்டியிருக்குற காயிலைக் கழட்டி ஓரத்துல பாருங்க, பொடி எழுத்துல ஒரு நம்பர் இருக்கும், அதையும் ஒத்தையா டூயலான்னும் எழுதி அனுப்புங்க. அதுவரைக்கும் 3.7-லயே வைங்க.