பாடமாக வைத்தால் ஓட்டுப் போட்டுவிடுவானா?

கேள்வி: என் மகன் நான்காம் ஆண்டு படிக்கிறான். 18 வயதிலேயே ஓட்டு என்று சட்டம் வந்துவிட்டது, ஆனால் நம் பிள்ளைகளுக்கு அதன் அருமை தெரியவில்லை. தமிழ்ப்பள்ளியிலேயே இதை ஒரு பாடமாக வைத்தால் என்ன? அரசியல்வாதிகளை நம்பிப் பயனில்லை. எங்கள் அடுக்குமாடியில் லிஃப்ட் ஓடாமல் கிடக்கிறது, கேட்க நாதியில்லை.
- ஒரு வாசகி, செந்தூல், கோலாலம்பூர்

பதில்: பாடமாக வைத்தால் அதற்கும் டியூஷன் வைப்பீர்கள் அம்மா. பையன் நல்ல புள்ளி வாங்குவான். ஓட்டுப் போடுவானா என்பது வேறு கதை.

2021 டிசம்பர் 15 முதல் 18 வயது ஆனவர்களின் பெயர் வாக்காளர் பட்டியலில் தானாகவே ஏறிவிடுகிறது. மனுப் போடும் வேலைகூட மிச்சம். ஆனால் பட்டியலில் பெயர் ஏறினால் மட்டும் கால் வாக்குச்சாவடிக்கு நடந்துவிடாது. சாப்பாட்டு மேசையில் அப்பா தினமும் 'எல்லாம் திருட்டுப் பயல்கள்' என்று சொல்வதைக் கேட்டு வளரும் பையன், 18 வயதில் வீட்டிலேயே படுத்திருந்தால் அவனைக் குறை சொல்ல முடியுமா? உங்கள் கடிதத்திலும் அந்த வாடை கொஞ்சம் அடிக்கிறது.

அடுத்த முறை ஓட்டுப் போட்டு வந்ததும், மை பூசிய இடது ஆள்காட்டி விரலைக் காட்டுவதோடு நிறுத்தாதீர்கள். உள்ளே நடந்ததைச் சொல்லுங்கள். அதிகாரி உங்கள் பெயரை எல்லார் காதிலும் விழுகிற மாதிரி படிப்பார். ஓரமாக உட்கார்ந்திருக்கும் கட்சிப் பிரதிநிதிகள் தங்கள் பட்டியலில் அந்தப் பெயரைத் தேடிக் கோடு போடுவார்கள். வேறொருவர் உங்கள் பெயரில் வந்துவிடக் கூடாதே என்றுதான் இத்தனை கவனம். பையன் உடனே, 'யாருக்கும்மா போட்டீங்க?' என்பான். சொல்லாதீர்கள். ஏன் சொல்லவில்லை என்று விளக்குங்கள். அதுவும் பாடம்தான்.

இனி உங்கள் லிஃப்ட். கோலாலம்பூரில் நமக்கு இருப்பது ஒரே ஓட்டு, அதுவும் நாடாளுமன்றத்துக்கு. பினாங்கு மாநிலத்துக்காரருக்குச் சட்டமன்றத்துக்கும் ஒன்று உண்டு. சாக்கடை, தெருவிளக்கெல்லாம் மாநகராட்சியின் வேலை. அதன் தலைவரான டத்தோ பண்டாரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, நியமிக்கிறார்கள். ஒரு காலத்தில் இங்கேயும் 1952இல் நகராட்சித் தேர்தல் நடந்திருக்கிறது. பினாங்கில் அதற்கு முந்தைய ஆண்டே நடந்தது. 1957இல் பினாங்கின் தலைநகர் ஜார்ஜ் டவுன் மாநகரானபோது முதல் மேயராக வந்தவர் டி.எஸ். ராமநாதன், நம்மவர். மக்கள் தேர்ந்தெடுத்த மன்றத்தின் மேயர். பழைய ஸ்காட் ரோடு இன்று அவர் பெயரில் இருக்கிறது. விடுமுறைக்குப் பினாங்கு போனால் பையனுக்கு அந்தப் பலகையைக் காட்டிவிட்டு நாசி கண்டார் சாப்பிடப் போங்கள். ஊராட்சித் தேர்தல்களை 1965இல் நிறுத்தி வைத்தார்கள். 1976ஆம் ஆண்டுச் சட்டம் கதவையே சாத்திவிட்டது.

ஆனால் லிஃப்ட் நாடாளுமன்ற உறுப்பினரின் வேலையும் இல்லை, டத்தோ பண்டாரின் வேலையும் இல்லை. வீடு உங்கள் சொந்த வீடு என்றே வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் அது உங்கள் அடுக்குமாடி நிர்வாகக் குழுவின் வேலை. அந்தக் குழுவை ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தேர்ந்தெடுப்பவர்கள் நீங்கள்தான். போன கூட்டத்துக்குப் போனீர்களா? ஆள் சேரவில்லை என்றால் அரை மணி நேரம் பார்ப்பார்கள். அப்புறம் வந்திருப்பவர்களை வைத்தே கூட்டத்தை நடத்தச் சட்டம் இடம் கொடுக்கிறது. இருநூறு வீட்டுக்கு இருபது பேர் முடிவு செய்வது இப்படித்தான். பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்திலும் பாதி நாற்காலி காலிதான். பாடம் வைக்கச் சொல்லும் பெற்றோரை அங்கே பார்க்க முடிவதில்லை.

அடுத்த அடுக்குமாடிக் கூட்டத்துக்குப் பையனையும் கூட்டிப் போய்ப் பின்வரிசையில் உட்கார வையுங்கள். அம்மா எழுந்து 'லிஃப்ட் பழுதுபார்க்க எவ்வளவு ஒதுக்கியிருக்கிறீர்கள்?' என்று கேட்பதை அவன் பார்க்கட்டும். போவதற்கு ஒரு வாரத்துக்கு முன்பே பராமரிப்புக் கட்டணப் பாக்கியைக் கட்டிவிடுங்கள். பாக்கி வைத்திருப்பவருக்கு அங்கே ஓட்டு இல்லை.