'பிளஸ்டரி' என்றால் புயலா? குடை எடுக்கலாமா?

எடின்பரோவில் முதுகலைப் படிப்புக்குச் சேர்ந்திருக்கும் ஒரு வாசகி கேட்கிறார்: "இங்கே வானிலை அறிவிப்பில் அடிக்கடி 'பிளஸ்டரி ஷவர்ஸ்' என்று போடுகிறார்கள். அகராதியில் 'பலத்த காற்று வீசுகிற' என்று இருந்தது. பயந்துபோய் ஒருநாள் வகுப்புக்கே போகவில்லை. மறுநாள் விசாரித்தால் மற்ற எல்லாரும் வந்திருக்கிறார்கள். எவ்வளவு காற்று என்று இதைப் புரிந்துகொள்வது? பேச்சில் நான் எங்கே பயன்படுத்தலாம்?"

தாராளமாகப் போயிருக்கலாம். பிளஸ்டரி என்பது எச்சரிக்கைச் சொல் இல்லை. அகராதி சொன்னது தப்பில்லை, பாதிதான் சொல்லியிருக்கிறது. காற்று பலமாகத்தான் இருக்கும், ஆனால் ஒரே சீராக இருக்காது. கொஞ்ச நேரம் சும்மா இருக்கும், திடீரென்று ஒரு வீச்சு வந்து ஆளைத் தள்ளும், அடங்கும், சற்றே திசை மாறி மறுபடி அடிக்கும். சென்னை வானிலை மையம் மீனவர்களுக்கு விடும் எச்சரிக்கையைக் கேட்டிருப்பீர்கள்: "மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்திலும், இடையிடையே 65 கிலோமீட்டர் வேகத்திலும்." வேகம் அவ்வளவு இல்லாவிட்டாலும், அந்த 'இடையிடையே' தூக்கலாகத் தெரிகிற நாள்தான் பிளஸ்டரி நாள்.

நம் ஆடிக் காற்றை இதற்கு உதாரணமாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்று நாள்கணக்கில் விடாமல் அடிக்கும்; முப்பந்தலில் அத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருப்பதே அந்த நம்பிக்கையில்தான். அதற்கு 'விண்டி' போதும். பிளஸ்டரி என்றதும் பிரிட்டன்காரர்கள் மனதில் வருவது குளிரும் விட்டுவிட்டு வரும் மழையும் கலந்த நாள்.

உங்கள் ஊரில் ஏன் இது இத்தனை அடிக்கடி? குளிர் முகப்பு ஒன்று (அதாவது, குளிர்ந்த காற்று வெப்பக் காற்றைத் தள்ளிக்கொண்டு முன்னேறும் எல்லை) ஸ்காட்லாந்தைக் கடந்து போனதும், அதன் பின்னால் வடமேற்கிலிருந்து குளிர்ந்த காற்று இறங்கி வரும். வருகிற வழியில் அது அட்லாண்டிக் கடலின் மேல் பயணிக்கிறது. கடல்நீர் அந்தக் காற்றைவிடச் சூடு. அடியில் சூடேறிய காற்று மேலே எழும்ப, உயரத்தில் வேகமாக ஓடிக்கொண்டிருக்கும் காற்று கீழே இறங்குகிறது. நீங்கள் தெருவில் உணரும் அந்தத் திடீர் வீச்சு இப்படி மேலிருந்து வந்ததுதான். அதே ஏற்றத்தில் மேகம் திரண்டு மழையும் கொட்டுகிறது. மழை விழும்போது தன்னோடு குளிர்ந்த காற்றையும் கீழே இழுத்து வருவதால், பெரும்பாலும் மழைக்குச் சற்று முன்னதாகக் காற்று முந்திக்கொண்டு வரும். கருமேகம் நெருங்கும்போது சட்டென்று சில்லென்ற காற்று முகத்தில் அறைந்தால், சில நிமிடங்களில் நனைவீர்கள் என்று அர்த்தம். பத்து நிமிடத்தில் வெயிலும் அடிக்கும். 'சன்னி ஸ்பெல்ஸ் அண்ட் பிளஸ்டரி ஷவர்ஸ்' என்று ஒரே வரியில் வெயிலையும் மழையையும் சேர்த்துப் போடுவது இதனால்தான்.

சரி, அளவுக்கு வருவோம். பிளஸ்டரிக்கு இத்தனை மைல் என்று வரையறை கிடையாது. 1805இல் பிரான்சிஸ் போஃபர்ட் வகுத்த காற்று அளவுகோலிலும் இந்தச் சொல் இல்லை. ஆகவே சொல்லை விட்டுவிட்டு எண்ணைப் பாருங்கள். பிரிட்டனின் வானிலை மையமான மெட் ஆபீஸின் செயலியில் காற்றுக்கு இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று சராசரி வேகம், இன்னொன்று 'கஸ்ட்', அதாவது இடையிடையே வரும் உச்ச வீச்சு. இரண்டும் மணிக்கு மைலில், 1.6ஆல் பெருக்கினால் கிலோமீட்டர். சராசரி 20, கஸ்ட் 40 என்று இருந்தால் 32 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும் காற்று அவ்வப்போது 64ஐத் தொடும். இரண்டுக்கும் இடைவெளி கூடக்கூட நாள் அதிகமாக அலைக்கழிக்கும். சராசரியே 25ஐத் தாண்டினால் போஃபர்ட் அளவுகோலில் 6. 'குடை பிடிப்பது சிரமம்' என்று அந்த இடத்தில் விளக்கமே எழுதி வைத்திருக்கிறார்கள். பிளஸ்டரி நாளில் சராசரி அதற்குக் கீழே இருந்தாலும் ஒரே ஒரு வீச்சு போதும், மடக்குக் குடை பூப்போல விரிந்து எதிர்ப்பக்கம் திரும்பிவிடும். நாடா வைத்து இறுக்கிக் கட்டுகிற தொப்பியோடு மழைச்சட்டை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். துப்பட்டாவைக் கோட்டுக்குள் செருகிவிடுங்கள். வேவர்லி ஸ்டேஷன் படிக்கட்டில் ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொள்வது நல்லது. சைக்கிளில் போனால், கட்டடங்கள் முடிந்து சந்து திறக்கிற இடங்களில் பக்கவாட்டில் அடிக்கும், கவனம்.

வீட்டிலேயே இருக்க வேண்டிய நாளுக்கு வேறு அடையாளம் உண்டு. மஞ்சள், ஆம்பர், சிவப்பு என்று மெட் ஆபீஸ் எச்சரிக்கை விடும். பெரிய புயல்களுக்கு 2015இலிருந்து பெயரும் வைக்கிறார்கள். 2025 ஜனவரி 24 அன்று ஏயோவின் புயலுக்குச் சிவப்பு எச்சரிக்கை வந்தது. ஸ்காட்லாந்தில் ரயில்களே ஓடவில்லை. அதை யாரும் பிளஸ்டரி என்று சொல்லவில்லை. 2018 நவம்பரில் வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜாவை அப்படிச் சொன்னால் டெல்டாக்காரர்கள் நம்மைச் சும்மா விடமாட்டார்கள்.

பேச்சில் பயன்படுத்துவது எளிது. டே, வெதர், விண்ட், ஷவர்ஸ், ஆஃப்டர்நூன் ஆகியவற்றுக்கு முன்னால் வரும். 'கோல்ட் அண்ட் பிளஸ்டரி', 'வெட் அண்ட் பிளஸ்டரி' என்று ஜோடியாகவும் சொல்வார்கள். லிஃப்ட்டில் யாரையாவது பார்த்தால் 'பிட் பிளஸ்டரி டுடே' என்று போட்டுவிடுங்கள். அந்த நாட்டில் அது நலம் விசாரிப்பு மாதிரி. மெல்லிய, இதமான காற்றுக்கு 'பிரீசி'. 'கஸ்டி' கிட்டத்தட்ட பிளஸ்டரிதான், ஆனால் மழை, குளிர் பற்றி எதுவும் சொல்லாது. விமான நிலையக் குறிப்புகளில் அதிகம் காணலாம். கடலில் திடீரென்று எழும்பிச் சில நிமிடம் ஆட்டிவைக்கும் காற்றுக்கு 'ஸ்குவாலி'. ஒரு விஷயத்தை மட்டும் விட்டுவிடுங்கள்: 'ஹெவி விண்ட்'. நம் ஊரில் எல்லாரும் சொல்வதுதான், ஆனால் ஆங்கிலத்தில் மழைக்குத்தான் ஹெவி, காற்றுக்கு ஸ்ட்ராங்.

அப்புறம், செய்தித்தாளில் ஓர் அரசியல்வாதியின் பேச்சை பிளஸ்டரி என்று எழுதியிருந்தால் வானிலையைத் தேடாதீர்கள். வாய்ச்சவடால் என்கிறார்கள்.